பிள்ளையின் பிணியும் பெற்றோரின் விசுவாசமும்: கிறிஸ்தவ ஆறுதல் மரபில் ஒரு கேள்வி

1. கேள்வியின் எல்லை

நோயுற்ற குழந்தைக்காக வேண்டுவது கிறிஸ்தவ வழிபாட்டின் மிகப் பழைய கூறுகளுள் ஒன்று. இயேசு பிணி தீர்த்ததாகச் சுவிசேஷங்கள் பதிந்திருக்கும் நிகழ்வுகளுள் நான்கில், தகப்பனோ தாயோ தன் பிள்ளைக்காக வந்து கெஞ்சுகிறார். தமிழ்நாட்டில் இந்த வேண்டுதலுக்குப் பல வடிவங்கள் உண்டு. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் ஞாயிறு ஆராதனையின் மன்றாட்டில் நோயாளிகளின் பெயர்கள் சொல்லப்படுகின்றன. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீட்டுக்கோ ஆஸ்பத்திரி வார்டுக்கோ போய்ப் பாட்டும் ஜெபமும் நடத்துகிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் நடக்கும். கத்தோலிக்கர் நவநாள் செபம் சொல்வார்கள். வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவுக்கு வெள்ளியில் கை, கால் உருவங்களை நேர்ந்துகொள்வார்கள்.

இந்த வழக்கங்கள் பலவற்றின் அடியில் ஒரு கணக்கு ஓடுகிறது. பெற்றோர் சந்தேகப்படாமல் விசுவாசித்துக் கேட்டால் பிள்ளைக்குச் சுகம் கிடைக்கும் என்பது அதன் முதல் வரி. சுகம் கிடைக்காவிட்டால் குறை பெற்றோருடையது என்பது, பெரும்பாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத இரண்டாம் வரி. சாட்சிக் கூட்டங்களில் முதல் வரிதான் காதில் விழும். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அங்கே ஒலிபெருக்கி முன் நிற்பது அரிது. இந்தக் கணக்குக்கு வேதாகமத்திலும் சபை மரபிலும் எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. முதலில் வேதாகமக் கதைகளும், அடுத்துச் சபைகளின் ஜெப ஒழுங்குகளும், பிறகு ஆறுதலாகச் சொல்லப்பட்டுவரும் காரணங்களும் பார்க்கப்படுகின்றன. கடைசி இரு பகுதிகள் இன்றைய மருத்துவச் சூழலைப் பற்றியவை.

2. வேதாகமக் கதைகள்

கணக்குக்கு ஆதரவாக முதலில் காட்டப்படுவது, மத்தேயு 15-ஆம் அதிகாரத்தில் வரும் கானானியப் பெண். அவளுடைய மகள் குணமாவதற்கு முன் இயேசு அவளது விசுவாசத்தைப் பாராட்டுகிறார். மகளுக்காக வந்த யவீருவிடமும் பயப்படாமல் விசுவாசிக்கும்படி சொல்கிறார். சொந்த ஊர்க்காரர்களின் அவிசுவாசத்தால் நாசரேத்தில் அற்புதங்கள் குறைந்துபோனதை மாற்கு குறித்திருக்கிறார். இவற்றை மட்டும் வரிசையாக வைத்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

ஆனால் மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் அது உடைகிறது. வலிப்பால் நெருப்பிலும் தண்ணீரிலும் விழும் மகனை ஒரு தகப்பன் கூட்டி வருகிறார். சீஷர்கள் முயன்று தோற்றிருக்கிறார்கள். இயேசுவால் கூடுமா என்பதிலேயே தகப்பனுக்கு நிச்சயமில்லை. விசுவாசிப்பதாகச் சொன்ன அதே மூச்சில், தனக்கு அவிசுவாசம் இருப்பதையும் ஒப்புக்கொண்டு உதவி கேட்கிறார். மகன் குணமடைகிறான். பெற்றோர் வந்து கெஞ்சும் நான்கு கதைகளிலும் விசுவாசம் மிகவும் தள்ளாடும் பெற்றோர் இவர்தான்.

இக்கதையின் முடிவு பலராலும் கவனிக்கப்படாமல் போகிறது. தங்களால் ஏன் முடியவில்லை என்று சீஷர்கள் தனியாகக் கேட்கிறார்கள். மத்தேயு தரும் விடையில் அவிசுவாசம் என்ற குற்றம் சீஷர்கள் மேல்தான் விழுகிறது. மாற்கு தரும் விடையோ ஜெபத்தைச் சுட்டுகிறது. எந்த விடையிலும் தகப்பன் மேல் பழி இல்லை. ஜெபிக்க வந்தவர்களிடம்தான் கணக்குக் கேட்கப்படுகிறது. இது தற்செயலான ஒரு விவரம் அல்ல என்பதற்கு யாக்கோபு நிருபத்தின் 5-ஆம் அதிகாரம் துணை நிற்கிறது. நோயாளி சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும். அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். விசுவாசமுள்ள ஜெபம் நோயாளியை மீட்கும் என்பது அங்குள்ள ஒழுங்கு. அந்த ஜெபத்தைச் செய்பவர்கள் மூப்பர்கள். படுத்திருப்பவரிடமோ அவர் வீட்டாரிடமோ கேட்கப்படுவது, ஆள் அனுப்பிக் கூப்பிடுவது ஒன்றுதான்.

பழைய ஏற்பாட்டில் இரண்டு தாய்மார் முக்கியமானவர்கள். சாறிபாத் ஊர் விதவையின் மகன் மூச்சடங்கியபோது, தன் பாவத்தை நினைப்பூட்டி மகனைக் கொல்லத்தான் வந்தாயா என்ற பொருளில் அவள் எலியாவிடம் கேட்கிறாள். நோயுற்ற பிள்ளையின் தாய் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வதற்கு இவ்வளவு பழைய சான்று கிடைப்பது கவனிக்கத்தக்கது. எலியா அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு மேல்வீட்டறைக்குப் போய், அவளுக்கு ஏன் இந்தத் தீங்கு என்று தேவனிடமே முறையிடுகிறார். தாய் கேட்ட கேள்வியை, கேட்க வேண்டிய இடத்தில் போய்க் கேட்கிறார் என்று சொல்லலாம்.

சூனேமியாளின் கதை இன்னும் நுட்பமானது. அறுவடை வயலில் தலைநோவென்று சொன்ன பையனைத் தாயிடம் தூக்கி வருகிறார்கள்; நண்பகல்வரை அவள் மடியில் கிடந்து இறக்கிறான். அவள் அவனைத் தீர்க்கதரிசியின் கட்டிலில் கிடத்திக் கதவைச் சாத்திவிட்டு, கழுதையேறி எலிசாவைத் தேடிப் போகிறாள். அவள் அவர் காலைப் பிடித்துக்கொள்ள, வேலைக்காரன் கேயாசி விலக்கப் பார்க்கிறான். எலிசா அவனைத் தடுக்கிறார்; அவள் மனம் கசந்திருக்கிறது, காரணத்தைக் கர்த்தர் தமக்கு மறைத்துவிட்டார் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பிறகு தம் தடியைக் கேயாசியிடம் கொடுத்து முன்னே அனுப்புகிறார். தடியைப் பிள்ளையின் முகத்தில் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. தாயோ அவரை விட்டு நகர மறுக்கிறாள். கடைசியில் எலிசாவே வந்து, கதவை மூடிக்கொண்டு, பிள்ளையின் மேல் முகத்தோடு முகமாகப் படுக்க வேண்டியிருக்கிறது. ஊழியக்காரருக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம், ஆள்வழி அனுப்பும் சடங்கு பலிக்காமல் போகலாம், நேரில் வருவதைத் தட்டிக்கழிக்க முடியாது என்ற மூன்றும் இக்கதையில் சேர்ந்திருக்கின்றன.

எதிர்ச்சான்று ஒன்றைத் தவிர்க்க முடியாது. தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் பிறந்த முதல் குழந்தையின் சாவைத் தீர்க்கதரிசி நாத்தான் தாவீதின் பாவத்தோடு நேரடியாக இணைக்கிறார். தாவீது ஏழு நாள் உண்ணாமல் தரையில் கிடந்து வேண்டியும் குழந்தை இறக்கிறது. தகப்பன் செய்த பாவம் பிள்ளையைப் பிடிக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கதையும், யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தின் கற்பனை ஒன்றும் இடம் தருகின்றன. ஆனால் எசேக்கியேல் 18-ஆம் அதிகாரம் அதை விரிவாக மறுக்கிறது. யோவான் 9-ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, இவனைப் பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் தள்ளிவிடுகிறார். ஆகவே வேதாகமம் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை என்பதே நேர்மையான முடிவு. எனினும், பாவத்தைக் காரணமாகச் சொல்லும் உரிமை நாத்தானுக்கு ஒரு குறிப்பிட்ட கொலையையும் விபசாரத்தையும் முன்னிட்டே இருந்தது. அதைப் பொதுவிதியாக்கியவர்கள் யோபுவின் நண்பர்கள். பத்துப் பிள்ளைகளையும் இழந்தவரிடம், உன் பிள்ளைகள் தங்கள் பாவத்தால் போயிருப்பார்கள் என்று பில்தாத் சொல்கிறான். அவர்கள் சரியாகப் பேசவில்லை என்று நூலின் முடிவில் தேவனே தீர்ப்பளிக்கிறார். ஏழு நாள் வாய் திறக்காமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அந்த நண்பர்கள் மேல் எந்தக் குறையும் இல்லை.

3. ஜெப ஒழுங்குகள்

சபைகள் எழுதி வைத்த ஜெபங்கள் போதனையைவிட நம்பகமான சான்றுகள். போதகருக்குப் போதகர் பிரசங்கம் மாறும். அச்சிட்ட ஜெபம் தலைமுறைகளுக்கு நிற்கும். இங்கிலாந்து திருச்சபையின் பொது ஜெப புஸ்தகத்தில் நோயாளியைச் சந்திக்கும் ஒழுங்கு 1549-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இருந்தது. நோய் எதுவானாலும் அது தேவனுடைய சந்திப்பு என்று குருவானவர் நோயாளிக்கு அதில் எடுத்துரைக்கிறார். நோயுற்ற குழந்தைக்கென்று தனி ஜெபம் 1662-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்ந்தது. அந்தச் சிறிய ஜெபம், குழந்தையின் நோவு உரிய காலத்தில் நீங்க வேண்டும் என்று முதலில் கேட்கிறது. ஆயுள் நீண்டால் அந்தப் பிள்ளை தேவனுக்கு உகந்தபடி வாழட்டும் என்றும், இல்லையேல் அதைப் பரலோகத்தில் சேர்த்துக்கொள்ளும்படியும் தொடர்ந்து கேட்கிறது. பிழைப்பதும் போவதும் ஒரே ஜெபத்துக்குள் நிற்கின்றன. பெற்றோரின் விசுவாச அளவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலிக்கன் மிஷன்கள் வழியாக இந்த மரபு தமிழ்ச் சபைகளுக்கும் வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதற்குள் கலந்தது.

கத்தோலிக்க மரபு வேறு பாதையில் வந்தது. சாகும் தறுவாயில் தரப்படும் கடைசிப் பூசுதலாகவே நெடுங்காலம் கருதப்பட்ட அருட்சாதனத்தை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் நோயாளரின் பூசுதலாக மீண்டும் வகுத்தது. ஆறாம் பவுல் 1972-இல் அதற்குப் புதிய ஒழுங்கைத் தந்தார். எண்ணெய்க் குப்பியோடு குருவானவர் வார்டுக்குள் நுழைந்தாலே எல்லாம் முடிந்தது என்று உறவினர் கலங்கிய நிலை அதன் பிறகு மெல்லத் தளர்ந்தது. குழந்தைகளைப் பொறுத்தவரை, அந்த அருட்சாதனத்தால் திடம் பெறும் அளவுக்குப் புத்தி தெளிந்திருந்தால் பூசலாம் என்பது விதி. கைக்குழந்தைக்கு இது பொருந்தாது. அதற்கு ஆசீர்வாதமும், தேவைப்பட்டால் திருமுழுக்கும் உண்டு. இங்கும் பெற்றோரின் விசுவாசம் பலனுக்கு நிபந்தனையாக வைக்கப்படவில்லை.

ஆக, அச்சிட்ட ஒழுங்குகளில் இல்லாத கணக்கு, எழுதப்படாத ஜெபங்களில்தான் வேரூன்றியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவிய தெய்வீக சுகம் பற்றிய இயக்கங்களும், 20-ஆம் நூற்றாண்டின் பெந்தெகொஸ்தே எழுச்சியும் யாக்கோபின் எண்ணெய்க்கு மறுபடி உயிர் கொடுத்தன. அது அவற்றின் கொடை. ஆனால் சுகத்தை இப்போதே உரிமையாக்கிக்கொள் என்ற போதனை வலுத்தபோது, மூப்பர்களின் தோளில் இருந்த சுமை பெற்றோரின் தோளுக்கு இடம் மாறியது. காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாயிடம், சந்தேகப்படாதே என்று சொல்லிவிட்டு எழுந்து போவது, ஜெபிக்க வந்தவருக்கு எளிது.

4. காரணம் சொல்லும் ஆறுதல்

பிள்ளை தப்பாதபோது சொல்லப்படும் காரணங்கள் சிலவே: அது கர்த்தருடைய சித்தம், இது ஒரு சோதனை, பெரிய துன்பத்திலிருந்து குழந்தையைக் காத்துக்கொண்டார், பரலோகத்துக்கு ஒரு பூ தேவைப்பட்டது. கடைசியாகச் சொன்னதற்கு வேதாகம ஆதாரம் ஏதுமில்லை. ஆனாலும் துக்க வீடுகளில் அதுவே அதிகம் கேட்கிறது. இத்தகைய சொற்கள் நல்லெண்ணத்தில் வருபவை என்பதில் ஐயமில்லை. அவை யாருக்கு ஆறுதல் தருகின்றன என்பதுதான் கேள்வி.

இதில் மார்ட்டின் லூத்தரின் வாழ்க்கை ஒரு சோதனைக்களம். மற்றவர்களுக்கு ஆறுதல் நூல்கள் எழுதியவர் அவர். 1542 செப்டம்பரில் அவருடைய மகள் மக்தலேனா 13 வயதில் அவர் கைகளிலேயே இறந்தாள். அவள் நல்ல கதியடைந்தாள் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் சில நாள் கழித்து நண்பர் யூஸ்டஸ் யோனாசுக்கு எழுதிய கடிதத்தில், நன்றி சொல்ல வேண்டிய தானும் மனைவியும் அழுகையை அடக்க முடியாமல் தவிப்பதையும், கிறிஸ்துவின் மரணத்தை நினைத்தும் அந்தத் துயரம் முழுதாக நீங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறார். கோட்பாடு அசையாமல் இருந்தும் துக்கம் தணியவில்லை. இரண்டையும் அவர் ஒரே கடிதத்தில் வைத்துக்கொண்டார்; ஒன்றுக்காக மற்றொன்றை மறைக்கவில்லை.

ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி இன்னும் ஒரு படி போகிறார். 1878 மே மாதம் அவருடைய மகன் அலியோஷா மூன்று வயது நிரம்புமுன் வலிப்பால் இறந்தான். அடுத்த மாதம் அவர் ஓப்தினா மடத்துக்குப் போய் மூத்த துறவி அம்ப்ரோசியைச் சந்தித்தார். அங்கே கேட்டவை ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் மூப்பர் சோசிமாவின் வாயில் வருகின்றன என்று அவர் மனைவி அன்னா எழுதியிருக்கிறார். நாவலில், மூன்று வயதை எட்டாத மகனை இழந்த குடியானவப் பெண் ஒருத்தி நெடுந்தூரம் நடந்து சோசிமாவிடம் வருகிறாள். அவர் முதலில் பழக்கமான ஆறுதலையே சொல்கிறார்: குழந்தை தேவதூதர்களோடு இருக்கிறது. கணவனும் இதையேதான் சொன்னான், ஆனால் பையன் இங்கே நம்மோடு இல்லையே என்கிறாள் அவள். அவனுடைய சின்னக் காலடி ஓசையை ஒருமுறை கேட்டால் போதும் என்கிறாள். சோசிமா அங்கே பேச்சை மாற்றுகிறார். ஆறுதலடைய வேண்டாம், அழு என்கிறார். பிள்ளைகளுக்காக அழுது தேறுதலுக்கு இணங்காத ராகேலைச் சுட்டுகிறார். பின்னர் இறந்த குழந்தையின் பெயரைக் கேட்டறிந்து, ஜெபத்தில் நினைப்பதாக வாக்களிக்கிறார். கணவனிடம் திரும்பிப் போகும்படியும் சொல்கிறார். மரபான விடை தோற்கும் கணத்தை மறைக்காமல் காட்டியதுதான் இக்காட்சியின் பெருமை. அதே நாவலில் குழந்தைகளின் துன்பத்தை முன்வைத்து இவான் எழுப்பும் வழக்குக்கு எந்தப் பாத்திரமும் வாதத்தால் விடை சொல்வதில்லை.

அமெரிக்க இறையியலாளர் ஸ்டான்லி ஹாவர்வாஸ் 1990-இல் வெளியிட்ட நூல் ஒன்றில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொண்டு இதையே வாதமாக வைத்தார். துன்பத்துக்குக் காரணம் கற்பிப்பது சபையின் வேலை அல்ல, துன்பப்படுபவரைத் தாங்கும் சமூகமாக இருப்பதே வேலை என்பது அவர் கட்சி. இந்த நிலைப்பாட்டிலும் ஓர் ஆபத்து உண்டு: காரணம் கேட்கும் பெற்றோரின் உரிமையையே அது பறித்துவிடக்கூடும். சங்கீதங்களில் ஏன் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிந்துவிடுகிறது. விடை சொல்லாமலிருப்பது வேறு, கேள்வியை அடக்குவது வேறு.

5. ஜெபமும் மருத்துவமும்

ஜெபத்தின் பலனை அளந்து பார்க்கும் முயற்சிகளுள் பெரியது, ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் 6 மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேர் அதில் இடம்பெற்றனர். ஜெபிக்கப்படலாம், படாமலும் போகலாம் என்று சொல்லப்பட்ட இரு குழுக்களில், ஜெபம் பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் வந்தன. தங்களுக்காக ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்தவர்களில் அது 59 சதவீதம். இவர்கள் வயதுவந்தோர், ஜெபித்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள், கையில் இருந்தது முதல் பெயரும் ஓர் எழுத்தும்தான், வீட்டார் செய்த ஜெபத்தை யாரும் நிறுத்தவுமில்லை. ஆகவே இது ஜெபத்தைப் பொய்யாக்கிய ஆய்வு என்பது மிகை. ஆனால் ஜெபம் மாத்திரையைப் போல அளவுக்கேற்ற பலன் தரும் என்று நம்புபவர்களுக்கு இதில் ஊன்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

இதைவிடக் கனமான சான்று வேறொன்று. அமெரிக்காவில் 1975 முதல் 1995 வரை, மதநம்பிக்கையால் மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 குழந்தைகளின் விவரங்களை ஆஸரும் ஸ்வானும் 1998-இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டனர். அவர்களில் 140 பேர், வழக்கமான சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பிருந்த நோய்களால் இறந்தவர்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்ற போதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. இதே கிறிஸ்தவ மரபுதான் வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருந்தகத்தையும் பெற்றெடுத்தது. இன்று பெரும் மருத்துவக் கல்லூரியாக வளர்ந்துள்ள அந்த நிறுவனத்தில், நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் குருமார் துறை சிகிச்சைக்குப் பக்கத்திலேயே இயங்குகிறது.

6. நீண்ட நோயும் குழந்தையின் காதும்

1662-ஆம் ஆண்டின் ஜெபம், குழந்தைகளின் நோய்கள் பலவும் விரைவில் ஒரு முடிவுக்கு வந்துவிடும் காலத்தில் எழுதப்பட்டது. அக்காலத்துக் காய்ச்சலில் குழந்தை பெரும்பாலும் நெடுநாள் செல்லாமல் தேறும் அல்லது போய்விடும். இன்று நிலைமை வேறு. குழந்தைகளைத் தாக்கும் கடும் நிணநீர்ச்செல் ரத்தப் புற்றுநோயில் 1960-களின் தொடக்கத்தில் பிழைத்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. இன்று வளர்ந்த நாடுகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் பிழைக்கின்றனர். ஆனால் அதன் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீடிக்கும். முதல் மாதம் வார்டு நிறைய வந்த ஜெபக்குழு, எட்டாம் மாதம் வருவதில்லை. பெற்றோரில் ஒருவர் வேலையை விட்டிருப்பார். மூத்த பிள்ளை பாட்டி வீட்டில் வளரும். ரத்தத் தட்டணுக்களுக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். வாடகை பாக்கி நிற்கும். அந்த எட்டாம் மாதத்துக்கான ஜெப ஒழுங்கு எந்தப் புத்தகத்திலும் எளிதில் கிடைக்காது.

இந்த இடைவெளியிலிருந்து பிறந்த ஒரு முயற்சி ஆக்ஸ்போர்டின் ஹெலன் ஹவுஸ். ஆங்கிலிக்கன் கன்னியாஸ்திரீயான பிரான்சஸ் டொமினிக்கா, மூளைக் கட்டியால் நிரந்தரப் பராமரிப்பு தேவைப்பட்ட ஹெலன் என்ற சிறுமியின் பெற்றோருக்கு நண்பரானார். அவர்கள் சற்று ஓய்வெடுக்கட்டும் என்று, குழந்தையை அவ்வப்போது மடத்துக்கே கொண்டுவந்து பார்த்துக்கொண்டார். அந்த அனுபவமே 1982-இல் உலகின் முதல் குழந்தைகள் நல்லடைக்கல இல்லமாக (ஹாஸ்பிஸ்) வடிவெடுத்தது. வீட்டார் வந்து தங்கலாம், தூங்கலாம், மற்றப் பிள்ளைகளோடு பொழுதைக் கழிக்கலாம். வந்து தங்குபவர்களின் விசுவாசம் அங்கே விசாரிக்கப்படுவதில்லை. யவீருவின் 12 வயது மகள் எழுந்த பிறகு இயேசு கடைசியாகச் சொன்னது, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படிதான் என்பது இங்கே பொருத்தமாகிறது.

எஞ்சியிருப்பது, இந்த மரபு நீண்ட காலம் கேட்கத் தவறிய கேள்வி. கட்டிலில் கிடக்கும் பிள்ளை, தனக்காகச் செய்யப்படும் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. மானிடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1978-இல் வெளியிட்ட நூலில், ரத்தப் புற்றுநோய் வார்டில் இருந்த மூன்று முதல் ஒன்பது வயதுவரையான குழந்தைகள், பெரியவர்கள் சொல்லாமலே தாங்கள் சாகப்போவதை அறிந்திருந்தார்கள் என்று காட்டினார். பெற்றோர் நொந்துபோவார்கள் என்று அவர்களும் தெரியாததுபோல் நடித்தார்கள். இத்தகைய பிள்ளையின் தலைமாட்டில் நின்று, இன்றைக்கே எழுந்து நடப்பாய் என்று உரக்க முழங்கும் ஜெபமும், எடுத்துக்கொள்ளும் என்று கண்ணீரோடு ஒப்புக்கொடுக்கும் ஜெபமும் அதன் காதில் ஒரேபோல் விழுகின்றன; பதில் சொல்லும் இடம் இரண்டிலும் அதற்கு இல்லை. இதற்கு மாறாக, கத்தோலிக்கத் திருச்சபை ஆங்கிலத்தில் 1983-இல் வெளியிட்ட நோயாளர் பராமரிப்பு ஒழுங்கில், குழந்தையைச் சந்திப்பதற்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சின்ன வாசகம், எளிய பேச்சு, பிள்ளையும் சேர்ந்து சொல்லக்கூடிய குறுகிய பதில்கள், முடிவில் நெற்றியில் சிலுவை அடையாளம் ஆகியவை அதில் அடங்கும்.